கடலின் ஹலாலும் கடையின் அமானிதமும்

அளவற்ற அருளாளனான அல்லாஹ்வுக்கே புகழனைத்தும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர்மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

 

இம்முறை நாம் மீனைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம். தொழுகையும் நோன்பும் பேச வேண்டிய இடத்தில் மீன் ஏன் வந்தது என்று சிலர் கேட்கலாம். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நம் சமூகத்தார் நடத்தும் தொழில்களை எண்ணிப் பாருங்கள். சாப்பாட்டுக் கடை, ரொட்டிக் கடை, நாசி கண்டார் கடை, மளிகைக் கடை, கருவாட்டுக் கடை, பசாரில் மீன் மேசை என்று எங்கு பார்த்தாலும் பிறர் வயிற்றுக்குள் போகும் பொருளையே நாம் விற்கிறோம். விடியற்காலையில் ஸுபுஹு தொழுதுவிட்டு நேரே செலாயாங் மொத்தச் சந்தைக்கு லோரி ஓட்டிப் போகிறவர்கள் நம் ஜமாஅத்தில் இல்லையா? பள்ளிவாசலில் அரை மணி நேரமும் கடையில் பன்னிரண்டு மணி நேரமும் கழிக்கின்ற மனிதனுக்கு, அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தின் மார்க்கத்தையும் யாராவது சொல்லத்தானே வேண்டும்?

மீன் விஷயத்தில் நம்மவர்களிடம் ஒரு தவறான நிம்மதி இருக்கிறது. கோழியும் ஆட்டிறைச்சியும் வாங்கும்போது யார் அறுத்தது, பிஸ்மி சொன்னார்களா என்று துருவித் துருவி விசாரிக்கிறோம். மீனுக்கு அறுப்பு இல்லை. ஆகவே அதைப் பற்றிக் கேட்பதற்கும் ஒன்றுமில்லை என்று எண்ணிவிடுகிறோம். திருமறையின் ஐந்தாவது அத்தியாயமான அல்மாயிதாவில், தொண்ணூற்றாறாவது வசனத்தில், கடலின் வேட்டையும் அதன் உணவும் நமக்கு ஆகுமாக்கப்பட்டிருப்பது உண்மை. நண்டு, இறால் போன்றவற்றில் ஷாபிஈ மத்ஹபினருக்கும் ஹனபி மத்ஹபினருக்கும் இடையே கருத்து வேற்றுமை உண்டு. அதை அவரவர் உலமாக்களிடம் கேட்டுத் தெளியலாம். ஆனால் மீன் ஹலால் என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

ஆயினும் இறைவன் அந்த ஒரு சொல்லோடு நிறுத்தவில்லை. அல்பகரா அத்தியாயத்தின் நூற்று அறுபத்தெட்டாவது வசனத்தில் மனித குலம் முழுவதையும் அழைத்து, உண்ணும் பொருளுக்கு இரண்டு தகுதிகளைச் சொல்கிறான். ஒன்று ஹலால், மற்றொன்று தய்யிப். தய்யிப் என்றால் தூய்மையானது, நல்லது, கேடு செய்யாதது. முதல் தகுதியை நாம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். இரண்டாவதைப் பலர் கைநழுவ விட்டுவிட்டோம். கடலில் ஹலாலாகப் பிறந்த மீன் கடைக்கு வந்து சேருவதற்குள் கெட்டுப்போனால், அதன் ஹலாலைக் கடல் கெடுக்கவில்லை, மனிதனின் கையே கெடுத்தது.

இந்த நாட்டு உலமாக்கள் இதில் தெளிவாக இருந்திருக்கிறார்கள். 2006ஆம் ஆண்டில் தேசிய பத்வா மன்றம் வளர்ப்பு மீன்களைப் பற்றி ஆராய்ந்தது. வேண்டுமென்றே அசுத்த நீரில் வளர்க்கப்பட்ட மீனையும், பன்றிக் கழிவு, செத்த பிராணிகள் முதலிய நஜீஸான தீனியைத் தொடர்ந்து கொடுத்து வளர்க்கப்பட்ட மீனையும் உண்ணக் கூடாது என்று முடிவு செய்தது. மீன்தானே, எப்படி வளர்ந்தால் என்ன என்ற பேச்சுக்கு அன்றே பதில் கிடைத்துவிட்டது. உயிருக்குக் கேடு விளைவிப்பது எதுவாயினும் அது ஆகாது என்பது நம் பிக்ஹின் அடிப்படை. பேத்தை மீனை எடுத்துக்கொள்ளுங்கள். மலாய்க்காரர் இக்கான் புந்தால் என்பார்கள். அதன் விஷம் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் சாகாது. 2023ஆம் ஆண்டில் ஜொகூரில் வயது முதிர்ந்த கணவனும் மனைவியும் அம்மீனைச் சமைத்து உண்டு இருவருமே மாண்டார்கள். அவர்கள் தாமே பிடித்த மீனன்று அது. கடையிலிருந்து வீட்டுக்கு வந்தது. விற்றவருக்கும் வாங்கியவருக்கும் ஒரு வார்த்தை அறிவு இருந்திருந்தால் இரண்டு உயிர் தப்பியிருக்கும்.

பேத்தையை விடுங்கள், அது அபூர்வம். அன்றாடம் நம் சட்டியில் விழும் மீனைப் பார்ப்போம்.

கானாங்கெளுத்தி, சூரை, வஞ்சிரம் ஆகியவை ஒரே இனத்தைச் சேர்ந்த மீன்கள். இவற்றின் சதையில் இயல்பாகவே ஒரு சத்து உண்டு. மீன் செத்தபின் சூட்டில் கிடந்தால் கிருமிகள் அந்தச் சத்தை ஹிஸ்டமின் என்ற நஞ்சாக மாற்றிவிடுகின்றன. நம் நாட்டு வெயிலில் இதற்கு ஒரு நாள் தேவையில்லை, சில மணி நேரமே போதும். உண்டவர்களுக்கு முகம் சிவந்து, தடிப்பு எழும்பி, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். இதில் முக்கியமாக அறிய வேண்டியது ஒன்று: இந்த நஞ்சு ஒருமுறை உண்டாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. கொஞ்சம் வாடிப்போன மீன்தான், மசாலாவைத் தூக்கலாகப் போட்டுப் பொரித்துவிட்டால் சரியாகிவிடும் என்று அடுப்படியில் சொல்லப்படுகிற வார்த்தை எவ்வளவு பெரிய பொய் என்பதை இதிலிருந்து அறிந்துகொள்ளலாம். மசாலா மறைப்பது நாற்றத்தை மட்டுமே.

கெராங் என்று இங்கே சொல்லப்படும் கிளிஞ்சலைப் பாருங்கள். அது சேற்றிலே உட்கார்ந்துகொண்டு தண்ணீரை வடிகட்டித் தன் உணவைத் தேடும் பிராணி. தண்ணீரில் என்ன அசுத்தம் இருக்கிறதோ அதுவும் அதனுள் சேரும். 1988ஆம் ஆண்டு சீனாவின் ஷாங்காய் நகரத்தில் சரியாக வேகாத கிளிஞ்சலை உண்டதால் ஏறக்குறைய 3 லட்சம் பேருக்கு மஞ்சள் காமாலை பரவியது. அரை வேக்காட்டுக் கெராங்கை ருசி என்று கேட்டு வாங்குகிறவர்களும், கேட்டார்கள் என்று கொடுக்கிறவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இவை தாமாக வரும் கேடுகள். மனிதன் தன் கையால் சேர்க்கும் கேடும் உண்டு. பிணம் கெடாமலிருக்கப் பயன்படுத்தும் பார்மலினை மீனுக்குத் தெளிப்பது ஒன்று. 2018ஆம் ஆண்டில் கேரளத்து அதிகாரிகள் எல்லைச் சாவடிகளில் லாரிகளை மறித்துச் சோதித்து, பார்மலின் கலந்த மீனை ஆயிரக்கணக்கான கிலோ பறிமுதல் செய்தபோது, தமிழகத்திலும் மீன் வாங்கும் ஜனங்கள் அஞ்சி நின்றார்கள். மீன் உருண்டையும் மீயும் விறைப்பாக இருக்க வேண்டும் என்று போரிக் அமிலத்தைச் சேர்ப்பது மற்றொன்று. அதே 1988ஆம் ஆண்டில் நம் பேராக் மாநிலத்தில் ஒருவகை மீயை உண்டு 13 குழந்தைகள் மாண்டார்கள். ஆராய்ந்த மருத்துவர்கள் பூஞ்சை நஞ்சையும் போரிக் அமிலத்தையும் கண்டார்கள். அது மீனன்று, மாவுப் பண்டம். ஆனால் அதைச் செய்த கைக்கும் மீன் உருண்டை செய்யும் கைக்கும் பாடம் ஒன்றுதான். விறைப்பும் வெளுப்பும் பார்வைக்கு அழகு. குழந்தையின் உயிர் அந்த அழகுக்கு விலையாகலாமா?

இப்போது அரசாங்கத்தின் சட்டத்துக்கு வருவோம். உணவு விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் இந்நாட்டுக்குப் புதிதன்று. மலாயாவில் 1952ஆம் ஆண்டிலேயே உணவு, மருந்து விற்பனைக்கென்று ஒரு சட்டம் இருந்தது. அதன் இடத்தில் 1983ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் வந்தது. 1985ல் உணவு விதிகள் வந்தன. எந்தப் பொருளில் எதை எவ்வளவு சேர்க்கலாம், எதைச் சேர்க்கவே கூடாது என்பதை அவை சொல்கின்றன. 2009ல் உணவுச் சுகாதார விதிகள் வந்தன. இவற்றின்படி உணவு தயாரிக்கும் இடம் சுகாதார அமைச்சில் பதிவாக வேண்டும். உணவைக் கையாளுகிறவர்கள் பயிற்சி பெற வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்து தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை. அசுத்தமான கடையைப் பதினான்கு நாள் வரை மூடிவைக்க 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11வது பிரிவு இடம் தருகிறது. உடலுக்குக் கேடான உணவை விற்றது நிரூபிக்கப்பட்டால் 13வது பிரிவின்படி 1 லட்சம் வெள்ளி வரை அபராதமும் பத்தாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம்.

இதையெல்லாம் கேட்டதும் நம் கடைக்காரர் சிலரின் முகம் சுளிக்கிறது. "அதிகாரிகள் தொல்லை கொடுக்கிறார்கள், நம் அப்பா காலத்தில் இதெல்லாம் உண்டா?" என்கிறார்கள். இந்தக் கேள்விக்கு நம் மார்க்கமும் நம் வரலாறும் கூறும் பதிலைக் கேளுங்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனத்துக் கடைத்தெருவில் நடந்து போகையில் ஒரு தானியக் குவியலைக் கண்டார்கள். மேலே பார்த்து விலகிப் போய்விடவில்லை. குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. வியாபாரியிடம் காரணம் கேட்டார்கள். மழையில் நனைந்தது என்றார் அவர். அப்படியானால் வாங்குகிறவர்கள் காணும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கலாமே என்று நபியவர்கள் கேட்டார்கள். மோசடி செய்கிறவன் தம்மைச் சேர்ந்தவனல்லன் என்ற கருத்தில் கடுமையாக எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இந்த நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறது. அந்த வியாபாரி விஷம் கலக்கவில்லை. மழை நனைத்ததை மறைத்தார், அவ்வளவே. அதற்கே அவ்வளவு கண்டிப்பு. குவியலுக்குள் கைவிட்டுப் பார்ப்பது தொல்லையென்றால், அந்தத் தொல்லையை முதலில் கொடுத்தவர்கள் நம் நபியவர்கள் அல்லவா?

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கடைத்தெருவை மேற்பார்க்க ஷிபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற மாதரசியிடம் பொறுப்பளித்தார்கள் என்று வரலாற்று நூல்களில் சொல்லப்படுகிறது. பின்னர் இப்பணி ஹிஸ்பா என்ற பெயரில் தனித் துறையாகவே வளர்ந்தது. அதை நடத்தியவர் முஹ்தஸிப் எனப்பட்டார். 12ஆம் நூற்றாண்டில் ஷாம் தேசத்தில் வாழ்ந்த ஷைஸரீ என்பவர் முஹ்தஸிபுகளுக்காக ஒரு கையேடு எழுதினார். அதில் மீன் பொரித்து விற்பவர்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. மீன் சுமக்கும் கூடைகளையும் தட்டுகளையும் நாள்தோறும் கழுவி உப்புத் தூவ வேண்டும், பழைய மீனைப் புதிய மீனோடு கலக்கக் கூடாது, செவுளைப் பார்த்துப் புதுமையை அறிய வேண்டும் என்ற பொருளில் அவர் விதிகள் சொல்கிறார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் திமிஷ்கிலும் ஹலபிலும் மீன் கடைக்காரருக்குச் சொல்லப்பட்டதைத்தான் இன்று கிள்ளான் மாநகர் மன்ற அதிகாரியும் சொல்கிறார். அன்று உப்பு, இன்று பனிக்கட்டி. நம் பாட்டன்மார் விட்டுச்சென்ற சொத்தை அந்நியருடைய பொருள் என்று தள்ளலாகாது.

இன்னொன்றும் கவனியுங்கள். இப்போது மீன் தொழிற்சாலைகளில் ஹஸாப் என்ற முறையைப் பின்பற்றுகிறார்கள். 1960களில் அமெரிக்காவில் விண்வெளிக்குச் செல்வோரின் உணவுக்காக வகுக்கப்பட்ட முறை இது. வானத்தில் வயிற்றுப்போக்கு வந்தால் மருத்துவமனைக்கு ஓட முடியாதல்லவா? ஆகவே, பண்டம் முடிந்தபின் சோதிப்பதைவிட, அது செய்யப்படும் ஒவ்வொரு படியிலும் ஆபத்து எங்கே நுழையும் என்று முன்கூட்டியே கண்டு, அந்த இடத்திலேயே தடுத்து, தடுத்ததை ஏட்டில் எழுதி வைக்கிறார்கள். 1997 டிசம்பர் முதல் அமெரிக்காவில் கடலுணவுத் தொழிலுக்கு இது கட்டாயமாயிற்று. நம் பெரியோர்கள் முஹாஸபா என்று ஒன்றைக் கற்றுக்கொடுத்தார்கள். இரவில் படுக்குமுன் அன்றைய செயல்களைத் தானே கணக்குப் பார்ப்பது அது. மறுமையில் பிறர் நம்மைக் கணக்குக் கேட்குமுன் நாமே கேட்டுக்கொள்வது. பனிக்கட்டிப் பெட்டியின் சூட்டைக் காலையும் மாலையும் பார்த்து எழுதி வைக்கும் கடைக்காரரும், நிய்யத் சரியாக இருந்தால், ஒருவகையில் முஹாஸபாவைத்தான் செய்கிறார்.

இனி இவ்விஷயத்தில் நம் நெஞ்சைத் தைக்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறோம்.

2008ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரிகள் நம் நாட்டுக்கு வந்து மீன் தொழிலைச் சோதித்தார்கள். சுகாதாரத்தில் குறைகள் இருப்பதாகச் சொன்னார்கள். அதன் விளைவாக மலேசியா தானே ஐரோப்பாவுக்கு மீன் ஏற்றுமதியை நிறுத்திக்கொண்டது. பிறகு குறைகள் திருத்தப்பட்டு ஆலைகள் மீண்டும் அனுமதி பெற்றன. ஐரோப்பாவுக்குச் செல்லும் மீனுக்குச் சுகாதாரச் சான்று வழங்குவதற்கென்றே 2009ல் தனி விதிகள் வகுக்கப்பட்டன. 2016ல் அமெரிக்கா, தீபகற்ப மலேசியாவிலிருந்து வந்த இறாலில் தடை செய்யப்பட்ட மருந்துகளின் எச்சம் இருப்பதைக் கண்டு எச்சரிக்கை விடுத்தது. அவர்கள் சோதித்த மாதிரிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் அந்த எச்சம் இருந்தது. அதற்கு முன் 1997ல் இந்தியாவின் மீன்பொருட்களையும் ஐரோப்பா சுகாதாரக் குறைகளால் நிறுத்தியது. அங்கும் ஆலைகள் திருத்தப்பட்ட பிறகே வாசல் திறந்தது.

நம் கேள்வி இதுதான். ஐரோப்பியன் வேண்டாமென்றதும் ஆலைத் தரைகள் புதிதாகப் பூசப்பட்டன, பனிக்கட்டி பெருகிற்று, ஏடுகள் எழுதப்பட்டன. வலிமையுள்ளவன் கேட்டபோது எல்லாம் நடந்தது. போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் தொழிலாளி கேட்கவில்லை. அவர் மத்தியானம் நம் கடையில் வந்து உட்கார்ந்து, சோறும் மீன்கறியும் வாங்கி, எதையும் விசாரிக்காமல் உண்டுவிட்டுப் போகிறார். கேட்கத் தெரிந்தவனுக்கு ஒரு மீன், கேட்கத் தெரியாதவனுக்கு வேறொரு மீன் என்று நாம் வைத்தால் அதன் பெயர் என்ன?

திருமறையில் அதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. எண்பத்து மூன்றாவது அத்தியாயமான அல்முதப்பிபீன். தமக்கு அளந்து வாங்கும்போது நிறைய வாங்கி, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களுக்குக் கேடுதான் என்று அது தொடங்குகிறது. இரண்டு அளவு வைத்திருப்பவனைப் பற்றிய எச்சரிக்கை அது. தராசுத் தட்டில் ஈயம் ஒட்டுவது மட்டும்தானா இரண்டு அளவு? அதிகாரி வரும் நாளில் ஒரு அடுப்படி, வராத நாளில் இன்னொரு அடுப்படி என்றால் அதுவும் இரண்டு அளவே. தன் வீட்டுக்குப் புது மீனும் கடைக்கு நேற்றைய மீனும் அனுப்புவதும் இரண்டு அளவே. சட்டம் உள்நாட்டு மீனுக்கும் ஏற்றுமதி மீனுக்கும் எழுதப்பட்டுத்தான் இருக்கிறது. அது காகிதத்தில் இருக்கிறதா, பனிக்கட்டிப் பெட்டியில் இருக்கிறதா என்பதை முடிவு செய்வது நம்மைப் போன்ற ஆயிரக்கணக்கான கடைக்காரர்களின் கைதான்.

கடைக்காரரின் கஷ்டத்தை அறியாமல் நாம் பேசவில்லை. ஒரு நிலைமையை எண்ணிப் பாருங்கள். சிறு கடை நடத்தும் ஒரு சகோதரர் கடனுக்கு இருபது கிலோ மீன் வாங்கி வைத்திருக்கிறார். இரவில் மின்சாரம் நின்றுபோகிறது. காலையில் வந்து பெட்டியைத் திறந்தால் மீன் தளர்ந்து, கண் குழிந்து, வாடை மாறியிருக்கிறது. சில நூறு வெள்ளி நஷ்டம். மாத வாடகை நெருங்குகிறது. பிள்ளையின் பள்ளிச் செலவு இருக்கிறது. அடுப்பில் எண்ணெய் காய்கிறது. கேட்பவர் எவரும் இல்லை. கதவு சாத்தியிருக்கிறது. ஈமானுக்குச் சோதனை எங்கே வருகிறது என்று கேட்டால், இந்த இடத்திலேதான் வருகிறது.

அந்நேரம் ஷைத்தான் மார்க்க வேஷத்திலேயே வந்து மூன்று நியாயம் சொல்லுவான். உணவை வீசுவது வீண் விரயம், அது பாவமல்லவா என்பான். கெட்டுப்போன பொருள் உணவே அல்ல, நஞ்சை வீசுவதில் விரயம் இல்லை என்று அவனுக்குச் சொல்லுங்கள். அப்படியானால் விற்காதே, ஏழைகளுக்குச் சதகாவாகக் கொடு, நன்மையாவது கிடைக்கும் என்பான். நமக்கே கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்கிற மட்டமான பொருளைத் தர்மத்துக்கென்று பொறுக்கி எடுக்கக் கூடாது என்று அல்பகராவின் இருநூற்று அறுபத்தேழாவது வசனம் தடுக்கிறது என்று சொல்லுங்கள். சரி, கடையில் வேலை செய்கிற பையன்களுக்குச் சமைத்துப் போடு என்பான். ஊரைவிட்டு, தாயைவிட்டு, கடல் கடந்து நம்மை நம்பி வந்து கிடக்கும் அந்தப் பிள்ளைகளின் வயிறும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்தான் என்று சொல்லுங்கள். பிறகு அந்த மீனைக் கொட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, ரிஜ்கு அல்லாஹ்வின் கையில் இருக்கிறது என்று அன்று மரக்கறிச் சோறு போடுங்கள். அந்த நஷ்டம் உங்கள் ஏட்டில் செலவுப் பக்கத்தில் இருக்கும். வேறோர் ஏட்டில் அது வரவுப் பக்கத்தில் எழுதப்படும்.

ஆனால் இந்தச் சுமையைத் தனி மனிதன் தலையில் மட்டும் ஏற்றிவிட்டுச் சமூகம் ஒதுங்கி நிற்பது நீதியாகாது. பெரிய ஆலைக்கு ஹஸாப் ஏடு எழுதத் தனி ஆள் உண்டு. நம் சிறு கடைக்காரருக்கு அவரே முதலாளி, அவரே சமையற்காரர், அவரே கணக்கப்பிள்ளை. ஆகவே சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் சில காரியங்களைச் செய்யலாம். உணவைக் கையாளுவோருக்கான பயிற்சிக்கும் தடுப்பூசிக்கும் நம்மவர்களைக் கூட்டமாகச் சேர்த்து ஏற்பாடு செய்யலாம். விதிகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த சமையற்காரருக்கு அவற்றை எளிய தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். சிறு உற்பத்தியாளருக்காகவே சுகாதார அமைச்சு நடத்தும் மெஸ்தி சான்றிதழ்த் திட்டத்தை, கருவாடும் ஊறுகாயும் நெத்திலிச் சம்பலும் செய்து விற்கும் நம் சகோதரிகளுக்கு எடுத்துச் சொல்லலாம். குளிர்ப்பெட்டி வாங்க வட்டியில்லாக் கடன் கொடுக்கும் ஒரு சிறு நிதியை ஜமாஅத்தே வைத்திருந்தால், பல நூறு பேரின் வயிற்றைக் காத்த நன்மை அதற்குக் கிடைக்கும்.

ஹலால் பலகை மாட்டியிருக்கிறோமே, போதாதா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜாக்கிம் சான்றிதழுக்கு அடிப்படையாக இருக்கும் எம்.எஸ். 1500 என்ற இந்நாட்டு ஹலால் தரம், அறுப்பை மட்டும் பார்ப்பதில்லை. சுத்தம், சுகாதாரம், உண்பவருக்குக் கேடின்மை ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்கிறது. அழுக்கு அடுப்படிக்குமேல் தொங்கும் ஹலால் பலகை அந்தக் கடைக்கே எதிரான சாட்சியாகும்.

அதிகாரிகளைப் பற்றியும் சொல்லாமல் விடக் கூடாது. அவர்களும் மனிதர்களே. எவரேனும் அநீதியாக நடந்தால் முறையிட வழி இருக்கிறது, சங்கத்தின் மூலம் முறையிடுங்கள். ஆனால் குறையை மறைக்க அவர் கையில் பணத்தைத் திணிக்காதீர்கள். லஞ்சம் கொடுத்தவர், வாங்கியவர் இருவரையும் நபியவர்கள் சபித்திருக்கிறார்கள். அன்றியும், லஞ்சத்தால் மறைக்கப்பட்ட கெட்ட மீன் நல்ல மீனாகிவிடாது. அது போய்ச் சேரும் வயிற்றுக்கு லஞ்சம் கொடுக்க முடியாது.

செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். மீன் வாங்கும்போது செவுளையும் கண்ணையும் பாருங்கள். செவுள் சிவந்து, கண் தெளிந்து, சதை அழுத்தினால் திரும்ப எழும்ப வேண்டும். வாங்கிய இடத்திலிருந்து கடை வரைக்கும் பனிக்கட்டி கூடவே வரட்டும். உறைபெட்டியின் சூடு பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரியில் இருக்கட்டும். ஒருமுறை இளகிய மீனைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். பச்சை மீன் வெட்டும் கத்தியும் பலகையும் வேறு, வெந்த உணவுக்குரியவை வேறு என்று வையுங்கள். மலசல கூடத்துக்குப் போய்வந்த கை சவர்க்காரம் படாமல் சட்டியைத் தொடக் கூடாது. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் உள்ள வேலையாளை அடுப்படியில் நிறுத்தாதீர்கள். ஓய்வு கொடுங்கள், அந்த நாளின் கூலியையும் கொடுங்கள். கூலி பிடித்தால் அவர் நோயை மறைப்பார், மறைத்தால் நூறு பேர் படுப்பார்கள்.

ரமலானிலும் கந்தூரிகளிலும் கலியாணங்களிலும் நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே சட்டியில் சமைக்கிறோம். அஸருக்குமுன் இறக்கி வைத்த மீன்கறி மஃரிபு வரை வெப்பத்தில் கிடக்கலாகாது. சூடாக இருக்க வேண்டியது சூடாகவும், குளிர்ச்சியாக இருக்க வேண்டியது குளிர்ச்சியாகவும் இருக்கட்டும். இரண்டுக்கும் இடையில் வெதுவெதுப்பாகக் கிடப்பதே கிருமிக்கு விருந்து. நோன்பாளியின் வெறும் வயிற்றுக்குக் கொடுக்கிற உணவு என்பதை நினையுங்கள்.

வாங்குகிற சகோதர சகோதரிகளுக்கும் பங்கு உண்டு. மலிவு ஒன்றையே பார்த்துப் பேரம் பேசிப் பேரம் பேசிக் கடைக்காரரை நெருக்கினால், அவர் பனிக்கட்டியில்தான் மிச்சம் பிடிப்பார். நல்ல மீனுக்கு நியாயமான விலை கொடுங்கள். கெட்டது கிடைத்தால் முதலில் அவரிடமே தனியாக நயமாகச் சொல்லுங்கள். திருத்தாவிட்டால் சுகாதார இலாகாவிடம் சொல்லுங்கள். நம்மவர் கடை என்று மூடி மறைப்பது சமூகப் பற்றாகாது. அடுத்துச் சாப்பிட வரும் குழந்தையும் நம்முடையதே. அது வேறு இனத்துக் குழந்தையானாலும் நம்முடையதே. நம் மேசையில் அமர்ந்துண்ணும் சீனரும் மலாய்க்காரரும் இந்துச் சகோதரரும், முஸ்லிம் கடை சுத்தமாக இருக்கும் என்று நம்பியே வருகிறார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதைவிடச் சிறந்த தஃவா வேறு எது?

சகோதரர்களே! அதிகாரி வருடத்தில் ஓரிரு நாள் வருவார். அவர் வராத முந்நூற்றுச் சொச்ச நாளும் அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான். அரசாங்கத்தின் சட்டம் நம் கையைப் பிடித்துத் தடுக்கும். தக்வா நம் கை நீளுமுன்பே நெஞ்சைத் தடுக்கும். இரண்டும் சேர்ந்திருக்கும் ஊரில் ஏழை அச்சமில்லாமல் சாப்பிடலாம்.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாகவும் தய்யிபாகவும் ஆக்கியருள்வாயாக. எங்கள் கையால் எவருடைய உடலுக்கும் கேடு வராமல் காப்பாயாக. எங்களை நம்பி உண்பவர்களின் அமானிதத்தை நிறைவேற்றும் வலிமையைத் தருவாயாக. கடலில் வலை வீசுவோருக்கும், அடுப்பில் வேகுவோருக்கும், அவர்களைக் கண்காணிப்போருக்கும் நேர்மையைக் கொடுப்பாயாக. ஆமீன். வஸ்ஸலாம்.